சூப்பர்வைசர் பாய் வீட்டில் மெஷின் கசிந்த கதை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, பஸ்ஸில் திருடினேன். சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற பஸ். பனவடலிசத்திரம் தாண்டியிருக்கும். முன் சீட்டில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் தன் மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சார், அந்த மெஷினை நான் சரி பண்ணல சார். அந்த வீட்டு பாய்தான் பண்ணாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"தெரியல சார். அவரு கையைப் பாத்துட்டேன். அதுக்கு மேல கேக்கத் தோணல."

போனை வைத்துவிட்டு மானூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஏதோ பெரிய இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவரின் முகம். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பெயர்கள், தெரு, சமையலறை, அந்த வீட்டு அம்மா, எல்லாம் நான் போட்டுக்கொண்டவை. பாத்திரம் கழுவுகிற மெஷின் என்பதுகூட என் ஊகம்தான். (துணி துவைக்கிற மெஷினாகவும் இருக்கலாம். அதை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கதை நகரவே இல்லை.)

2

தொடக்கங்கள்.

முதலாவது: "மழை பொய்த்த ஊரில் ஒரு வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது." படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: "கதீஜம்மாள் காலை வைத்ததும் தரை வழுக்கிற்று." ஐம்பத்தாறு வயதுப் பெண்ணை முதல் வரியிலேயே கீழே தள்ளிவிட எனக்கு என்ன அவசரம்?

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கதீஜம்மாள் சமையலறைக்குள் வந்தபோது மெஷினின் கதவுக்கு அடியில் தண்ணீர் ஒரு சாண் அகலத்துக்குத் தேங்கி நின்றது. முந்தின நாளும் இப்படித்தான் நின்றது. அதற்கு முந்தின நாளும். ஒருவரிடமும் சொல்லாமல் பழைய துண்டை எடுத்துத் துடைத்து, வாளியில் பிழிந்தாள்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் அவள் உள்ளங்கைகள் உரியத் தொடங்கின. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, பாத்திரம் கழுவுவதை அடியோடு விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கிற மகள் முபஷ்ஷிரா உடனே இந்த மெஷினை அனுப்பிவைத்தாள். தெருவே வந்து பார்த்தது. "தண்ணி எம்புட்டு குடிக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். முனிசிபாலிட்டி குழாய் எந்த நாளில் வரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டிய ஊரில் வேறு என்ன கேட்பார்கள்? "பத்து லிட்டர், அவ்வளவுதான்" என்றபோது யாரும் நம்பவில்லை. கதீஜம்மாளே நம்பவில்லை. ஒரு குடம் கூட இல்லை, அதை வைத்து நாற்பது பாத்திரமா? முதல் வாரம் முழுக்க அதன் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் சுற்றிச் சுற்றி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்கும். "மாஷா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்வாள்.

அவள் கணவர் முகம்மது இஸ்மாயில் மட்டும் அதன் பக்கமே வந்ததில்லை. மெஷினை ஓட விட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

3

(ஒன்றை இப்போதே சொல்லிவிடலாமா, கடைசி வரை ஒளித்து வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒளித்து வைப்பது கெட்டிக்காரர்கள் வேலை. எனக்கு வராது, சொல்லிவிடுகிறேன்.

இஸ்மாயில் பாயைத் தெருவில் 'சூப்பர்வைசர் பாய்' என்பார்கள். ஷார்ஜாவில் பெரிய ஹோட்டலில் கேட்டரிங் சூப்பர்வைசராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடித்தார்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கு ஜமாஅத்தில் அவரைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள், சூப்பர்வைசர் என்பதால்.

அவர் சூப்பர்வைசராக ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த ஹோட்டலின் நிலவறைச் சமையலறையில் எச்சில் தட்டு கழுவினார். ஏஜெண்ட் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினான். அதை நம்பித்தான் கதீஜம்மாள் வீட்டில் பெண் கொடுத்தார்கள். போய் இறங்கின அன்றைக்குக் கையில் ஒரு ரப்பர் ஏப்ரனைக் கொடுத்தார்கள். முதல் போனில் புதுப்பெண் கேட்டாள்: "வேலை கஷ்டமா இருக்கா?" அவர் சொன்னார்: "சூப்பர்வைசருக்கு என்ன கஷ்டம், சும்மா நின்னு பாத்துக்கிட்டா போதும்."

அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு நல்ல நாள் அவருக்கு வாய்க்கவே இல்லை. இது கதீஜம்மாளுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் அவள் முன்னால் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவது என்பதுதான் அவருடைய ஒரே பயம். கசிவு, மெஷின் எல்லாம் அப்புறம். இந்தக் கதையில் உடையக்கூடிய பொருள் இது ஒன்றுதான். பார்த்து நடங்கள்.)

4

துடைத்த துண்டைக் கொடியில் போடும்போது முபஷ்ஷிராவின் வீடியோ கால் வந்தது. துண்டு சொட்டுவதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு மறைக்க முடியுமா?

"உம்மா, கம்பெனிக்குப் போன் போடுதேன். சரியாகலன்னா திருப்பி எடுத்துக்கிடச் சொல்லிருவேன். நீங்க ஈரத்துல விழுந்து கிடந்தா யாரு பாக்கது?"

"திருப்பி ஒண்ணும் அனுப்ப வேண்டாம்ட்டி. துடைச்சா போச்சு."

தெருக்கோடியில் இருக்கிற பிளம்பர் ஆறுமுகச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, கதவு ஓரம் முழுக்க எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றார். "அப்ப பாத்திரத்தை எப்பிடி உள்ள வைக்க?" என்று கதீஜம்மாள் கேட்டதும், "ஆமால்லா" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

இஸ்மாயில் பாய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்லுதீக?" என்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல. எனக்கு மெஷின் கிஷின்லாம் தெரியாது."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு ஆள் தனக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும்!

5

ஒரு சந்தேகம். இந்த வீட்டுச் சமையலறையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? நான் அந்த வீட்டு ஆள் இல்லை. எழுதின வரைக்கும் கடையநல்லூர் நண்பர் முகம்மது சாதிக்கிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான் வே, அவங்க எதுல சாப்பிடுதாங்கன்னு நீரு எழுதவே இல்லையே" என்றார். அங்கேதான் கதையே கிடைத்தது. அவருக்கு நன்றி. அவர் சொல்லாததில் நான் செய்திருக்கிற தப்புகளுக்கு அவர் பொறுப்பில்லை.

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற பெரிய அகலத் தட்டு. விசேஷ வீடுகளில் வரும். எல்லா வீட்டிலும் தினமும் எடுக்க மாட்டார்கள். ஆனால் இஸ்மாயில் பாய் ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள், "இனிமே மத்தியானம் ரெண்டு பேரும் சஹன்ல சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டே பேர். அதற்கு அத்தனை பெரிய தட்டா என்று அவள் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷம் அடுப்படி ஓரத்தில் சின்னத் தட்டில் தனியாகச் சாப்பிட்டவள் அவள். ஷார்ஜாவில் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாரோ, அதை அவள் கேட்டதில்லை. முதல் நாள் அவர் மீனில் முள் எடுத்து அவள் பக்கம் தள்ளிவைத்தார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சஹனைத்தான் போன மாதத்தில் இருந்து அவள் மெஷினில் போட ஆரம்பித்தாள். பின்னால் இடம் இல்லை என்று கதவை ஒட்டி முன்வரிசையில் நிறுத்துவாள்.

(புரிந்துவிட்டதா? புரிந்திருந்தால் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார்.)

6

கம்பெனி மெக்கானிக் வெங்கடேஷ் வியாழக்கிழமை காலையில் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைக்கிற ஆள்.

"காலையில ஓட்டுனா ஒழுகாது தம்பி. மத்தியானம் ஓட்டுனாத்தான் ஒழுகுது" என்றாள் கதீஜம்மாள்.

"மத்தியானம் வோல்டேஜ் கம்மியாகுதாம்மா?"

மெஷினின் கீழ்ப்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து அவளுக்கும் காட்டினார். அடியில் ஒரு தட்டு, தட்டில் வெள்ளையாக ஒரு சின்ன மிதவை. "உள்ள எங்கயாச்சும் ஒழுகி இங்கன தண்ணி சேந்தா, இது மிதந்து மேல வந்து மெஷினை நிப்பாட்டிரும்மா. தனக்கு ஒழுகுதுன்னு அதுக்கே தெரியும்."

"சுபுஹானல்லாஹ்!"

"ஆனா ஒங்களுக்குக் கதவு வழியா வெளிய போகுது. அது இதுக்குத் தெரியாது."

ரப்பரைத் தடவிப் பார்த்தார். ரசமட்டம் வைத்து மெஷின் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வெறும் மெஷினை ஓட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. நேரம் ஒன்றரை ஆகிவிட்டது. வந்த ஆளைப் பசியோடு வேலை வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. இஸ்மாயில் பாய் கூப்பிட்டார்: "தம்பி, கையக் கழுவிட்டு வாங்க. ஒக்காருங்க."

சஹனுக்கு முன்னால் வெங்கடேஷ் திகைத்து நின்றார். ஒரே தட்டில் இன்னொருவரோடு சாப்பிட்டுப் பழக்கமில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் தன் பங்குக்கு விரலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பாய் சிரித்தார். நாலு வாய் போனதும் கோடு எங்கே போனதென்று வெங்கடேஷுக்கே தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கதீஜம்மாள் எல்லாவற்றையும் வழக்கம்போல மெஷினில் அடுக்கினாள். சஹன் முன்வரிசையில். பொத்தானை அமுக்கினாள். பத்து நிமிஷத்தில் கதவுக்கு அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

வெங்கடேஷ் தலையில் கை வைத்தார். "கதவையே மாத்தணும் போலம்மா. மெஷினைத் திருநெல்வேலி கொண்டு போகணும். அங்கன முடியலன்னா திரும்பக் கிடைக்கது கஷ்டம்."

கதீஜம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதை வாசல் நிலையில் நின்றிருந்த இஸ்மாயில் பாய் பார்த்தார். அன்றைக்கு அவர் பஜாருக்குப் போகவில்லை, விருந்தாளி இருந்ததால். மெஷின் வந்ததில் இருந்து அந்தச் சத்தத்தை அவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். செருப்பு வாசலில் இருக்கிறது. மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பஜாரில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மெஷின் போயிருக்கும், அவருடைய இருபத்திரண்டு வருஷமும் பத்திரமாக இருக்கும்.

(இந்த இடத்தில் அவர் போய்விடுவதாகவும் ஒரு வடிவம் எழுதினேன். எழுதின பிறகு இரண்டு நாள் அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.)

"தம்பி," என்றார். "அந்தத் தண்ணிச் சத்தம் சரியில்ல. எதுலயோ பட்டுத் திரும்புது."

7

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தார். ஆவி வந்து முகத்தில் அடித்தது. நாமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

இனி நடந்ததை எழுதுவதற்கு என்னிடம் சொற்கள் குறைவு. முயற்சி செய்கிறேன்.

இரண்டு கைகளும் உள்ளே போயின. எல்லாப் பாத்திரமும் வெளியே வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், கண்ணாடி தனியாக, தரையில் தானே பிரிந்து நின்றது. பிறகு திரும்ப உள்ளே போக ஆரம்பித்தது. வலது கை தட்டை எடுக்கும்போது இடது கை அடுத்த தட்டுக்கு இடம் பிரித்துக்கொண்டிருந்தது. அவர் கைகளைப் பார்க்கவே இல்லை. எங்கோ சுவரில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டோடு தட்டு இடிக்கவில்லை. டம்ளர்கள் ஒரே சாய்வில் வரிசையாக நின்றன. கரண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று படாமல் இறங்கின. சஹனைக் கடைசியாகத் தூக்கினார். நுனி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்சுவரை ஒட்டிச் சாய்த்து நிறுத்தினார். அந்த இடம் அதற்காகவே காலியாக விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மேலே தண்ணீர் பீய்ச்சுகிற சுழலும் கையை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். எதிலும் இடிக்காமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது.

கதவைச் சாத்தினார். முழுதும் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"பெரிய தட்டு முன்னாடி நின்னா கீழருந்து வார தண்ணி அதுல பட்டு நேரா கதவு இடுக்குக்குத்தான் போகும். ரப்பர் என்ன செய்யும் பாவம். அது நல்லாத்தான் இருக்கு."

மெஷின் ஓடியது. தரை காய்ந்தே கிடந்தது.

இந்தப் பத்தியை நான் பதினோரு முறை எழுதினேன். கோயிலில் தீபாராதனை காட்டுகிற கையைப் பார்த்திருக்கிறேன், ஆபரேஷன் செய்கிற கையைப் பார்த்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எச்சில் தட்டு அடுக்குகிற கைக்கு முன்னால் எழுந்து நிற்கத் தோன்றும் என்று நான் நினைத்ததில்லை. தோன்றியது.

கதீஜம்மாள் என்னைவிடச் சீக்கிரம் வேறு ஒன்றைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு லீவுக்கும் அவர் வரும்போது முதல் ஒரு வாரம் உள்ளங்கைகள் வெளுத்து, ஓரம் உரிந்திருக்கும். "ஏசிக் காத்து" என்பார். அவளும் இரவு தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஏசி இருந்தால் கை உரியும் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தாள். ஏசி இல்லாத இந்த வீட்டில் தன் கையும் அதேபோல உரிந்தபோதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. அதே வெளுப்பு, அதே ஓரம். அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

8

பஸ்ஸில் பார்த்த நிஜ மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்றார். என் வெங்கடேஷ் கேட்டுவிட்டார். நான் தடுக்கத்தான் பார்த்தேன்.

"பாய், இத எங்க கத்துக்கிட்டீங்க?"

பரிகாசமே இல்லாத கேள்வி. இதற்கு என்ன பதில்?

ஒரு முடிவு: "சூப்பர்வைசர்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும்லா" என்று பாய் சொல்லிவிடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், டீ வருகிறது. நாலு வரி எழுதி நிறுத்திவிட்டேன். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு அவர் வாயில் இந்தப் பொய் பொருந்தவில்லை.

இன்னொன்று: பாய் உடைந்து அழு— இல்லை. அவர் அழுகிற ஆள் இல்லை. அழுதது நான்.

மூன்றாவது: வெங்கடேஷ் கிளம்பிப் போன பிறகு, கதீஜம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, ஒன்றும் பேசாமல் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். இது அழகாகத்தான் இருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள். ஆனால் கேட்ட கேள்வியைச் சமையலறையில் அந்தரத்தில் நிற்க வைத்துவிட்டு இவர்களை இங்கே கூட்டிவந்தால், அது நான் தப்பித்து ஓடுவது.

9

ஆகவே திரும்பச் சமையலறைக்கு. கேள்வி கேட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கிறது.

இஸ்மாயில் பாய் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயந்துகொண்டே இருந்த அந்த நாள் வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால், நெஞ்சில் பயத்தைக் காணோம். இத்தனை வருஷம் கழித்து முதல் முறையாக உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. 'தட்டு கழுவுனேன் தம்பி, இருபத்திரண்டு வருஷம்.' வாயைத் திறந்தார்.

கதீஜம்மாளும் வாயைத் திறந்தாள். அவர் தாங்கிப் பிடித்திருந்ததை ஒரு வெளியாள் முன்னால் கீழே விழ விடுவாளா? அவள் உயிரோடு இருக்கும்போதா? 'அவுக அங்க சூப்பர்வைசர்லா தம்பி.' அந்த வார்த்தையை இதுவரை நூறு பேரிடம் பெருமைக்காகச் சொல்லியிருக்கிறாள். பொய் என்று தெரிந்து சொல்லப்போவது இப்போதுதான்.

அவர் முந்திக்கொண்டால், அவருக்காக அவள் சொல்ல வந்த பொய் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அவள் எவ்வளவு தூரம் வரத் துணிந்தாள் என்று அவருக்குத் தெரியாமலே போகும். அவள் முந்திக்கொண்டால், அவர் மறுபடியும் அந்த உண்மையை விழுங்க வேண்டியிருக்கும், இந்த முறை அவளுக்காக. இரண்டில் எது நல்லது என்று நான் ஒரு மாதமாக இந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் குரலை எழுதினால் இன்னொருவர் வாயை நான் பொத்த வேண்டும். இந்த இரண்டு பேரில் ஒருவர் வாயைப் பொத்துகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

வெங்கடேஷ் பதிலுக்காக நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்துவிட்டார்கள். முதல் வார்த்தையை நீங்கள் போடுங்கள்.